ஏவுகணையே காத்திருக்கு, தெருவிளக்கு காத்திருக்காதா?

இன்னைக்கு எபிசோட் ஆமைகளைப் பத்தி. கேள்வி ஒண்ணுதான்: மனுஷனுக்கும் ஆமைக்கும் ஒரே இடம் வேணும்னா, யார் நகரணும்?

அமெரிக்காவின் மொஹாவி பாலைவனத்தில் ஃபோர்ட் இர்வின் ராணுவப் பயிற்சித் தளத்தை விரிவாக்க, 2008-ல் நூற்றுக்கணக்கான பாலைவன ஆமைகளைத் தூக்கி வேறு இடத்தில் விட்டாங்க. நரி மாதிரி இருக்கும் கயோட்டிகள் நிறைய ஆமைகளைக் கொன்னுடுச்சு. அந்த வருஷமே வேலையை நிறுத்த வேண்டியதாச்சு.

நம்ம ஊர்ல நகர்த்துறது ஆமையை இல்ல, முட்டையை. 1970-களில் சென்னைப் பாம்புப் பண்ணையைச் சேர்ந்த ரோமுலஸ் விட்டேக்கர், ஐஐடி மெட்ராஸில் இன்ஜினியரிங் படிக்க வந்த சதீஷ் பாஸ்கர் மாதிரி சிலர் ராத்திரி முழுக்க மெட்ராஸ் கடற்கரையில் நடந்து, பங்குனி ஆமை முட்டைகளைத் தேடினாங்க. திருடர்கள் கையிலும் நாய் வாயிலும் சிக்காம முட்டைகளைப் பொரிப்பகத்துக்கு மாத்தணும், அதுதான் நோக்கம். 1988-ல் மாணவர்கள் ஆரம்பிச்ச எஸ்.எஸ்.டி.சி.என். அமைப்பு நீலாங்கரை – பெசன்ட் நகர் பக்கம் இன்னைக்கும் அந்த நடையைத் தொடருது.

கேட்க ஈஸியா இருக்கும். ஆனா ஒரு கூட்டில் நூறு முட்டைக்கு மேல. சில மணி நேரத்துக்குள்ள, உருட்டாம, தலைகீழா திருப்பாம எடுத்து, தாய் தோண்டின மாதிரியே குழி தோண்டிப் புதைக்கணும். மணலோட சூடுதான் குஞ்சு ஆணா பெண்ணான்னு முடிவு பண்ணும். சூடு கூடினா பெண். சுமார் 45 நாள் கழிச்சு வெளிய வர்ற குஞ்சு, வெளிச்சமான பக்கம்தான் கடல்னு நம்பி ஓடும். நம்ம பீச்சுல அதிக வெளிச்சம் ரோட்டுப் பக்கம்!

இப்ப ஒடிசாவைப் பாருங்க. ஏவுகணை சோதனை நடக்கிற அப்துல் கலாம் தீவு, ஆமைகள் லட்சக்கணக்கில் முட்டையிடும் கஹிர்மாதா பக்கத்துல இருக்கு. 2024 ஜனவரி முதல் மார்ச் வரை அங்க சோதனையை நிறுத்தி வைக்க டி.ஆர்.டி.ஓ. ஒத்துக்கிச்சு. ஆமை நகரல, ராணுவத்தோட காலண்டர் நகர்ந்தது.

பொரிப்பகம் தேவைதான். ஆனா முட்டையை மாத்தினா மட்டும் போதாது. 2025 ஜனவரியில் நம்ம கரையில் நூற்றுக்கணக்கில் செத்து ஒதுங்கினது முட்டை போட வந்த பெரிய ஆமைகள். இழுவலையில் மாட்டினா அதுங்களால மூச்சு விட மேல வர முடியாது. ஆமை தப்பிக்கிற வழியோட வலை இருக்கு. அதைப் போட வைக்கணும். ஜனவரி முதல் ஏப்ரல் வரை ராத்திரி கடற்கரை விளக்கை அணைக்கணும். ஏவுகணைக்கே லீவு விட முடிஞ்ச நாட்டுல, இது பெரிய விஷயமா என்ன?

உங்க ஏரியாவுல விளக்கு அணையுதான்னு எழுதுங்க. அடுத்த வாரம் சந்திப்போம்.