ஏட்டில் ஒன்று, கடவுச்சீட்டில் இரண்டு



நமது பங்கின் பொன்விழா மலருக்காகப் பழைய திருமண ஏடுகளைப் புரட்டியபோது, பிறந்த ஊர் என்னும் கட்டத்தில் அட்டன், தலவாக்கலை, பதுளை என்று அடுத்தடுத்து எழுதியிருக்கக் கண்டோம். இந்நீலகிரி மலையில் கொழுந்து கிள்ளும் நம் மக்களில் பலர் இலங்கையிலிருந்து திரும்பி வந்த குடும்பத்தார். ஒரே கூரையின் கீழ் இருந்தவர்கள் இரு நாட்டாராகப் பிரிந்த அவர்களுடைய வரலாற்றை இளையோர் அறிவது நலம்.

1948-ஆம் ஆண்டு இலங்கைக் குடியுரிமைச் சட்டம் வந்தது. அம்மண்ணிலே பிறந்தால் மட்டும் போதாது. தகப்பன் வழியிலும் அங்கே பிறந்ததற்குச் சான்று வேண்டும் என்றார்கள். லயத்து அறையில் பிறந்த ஏழைக்குப் பத்திரம் ஏது? 1949-இல் வந்த மற்றொரு சட்டம் மனுச்செய்ய வழிவிட்டது. ஆயினும் மனைவி மக்களும் இலங்கையிலேயே வசித்து வந்ததாகக் காட்ட வேண்டியிருந்தது. குடியுரிமை பெற்றவர்கள் ஏறத்தாழ 1,34,000 பேர் மட்டுமே. மற்றோர் நாடற்றவராயினர்.

1964 அக்டோபர் 30-இல் சிறிமா – சாஸ்திரி ஒப்பந்தம் கையெழுத்தாயிற்று. மொத்தம் 9,75,000 பேர். இந்தியாவுக்கு 5,25,000, இலங்கைக்கு 3,00,000 என்று பங்கிட்டனர். மிஞ்சிய 1,50,000 பேரை 1974-இல் இரு நாடுகளும் சரிபாதியாக ஏற்றன. எண்ணிக்கை சரியாக வந்தது. குடும்பங்கள்தாம் சரியாக வரவில்லை.

வயதுவந்த பிள்ளைகள் தனித்தனியே மனுச்செய்தனர். தகப்பனுக்கு இந்தியா, மூத்த மகனுக்கு இலங்கை என்று ஆயிற்று. இந்தியக் கடவுச்சீட்டு பெற்றவருக்குத் தங்கும் விசா தவணை முடிந்ததும் தலைமன்னாரில் கப்பலேறி இராமேசுவரம் வந்திறங்க வேண்டும். இலங்கைக் குடியுரிமை உள்ள துணைவியோ, தன் கணவனுடைய நாட்டுக்கே அந்நியராய் வர வேண்டும். நம் பங்கில் ஒரு மூதாட்டி 1972-இல் அக்கரையில் விட்டுவந்த மகனின் முகத்தை இருபத்தாறு ஆண்டுகள் கழித்தே கண்டார். “சாமி, அவன் தலை நரைச்சிருந்துச்சு” என்று நம்மிடம் சொல்லி அழுதார். 1988, 2003 ஆண்டுகளின் சட்டங்களால் அங்கே நாடற்றோர் துயர் தீர்ந்தது. பிரிந்தவர்கள் பிரிந்தவர்களே.

திருக்குடும்பமும் எகிப்துக்கு ஓடிய அகதிக் குடும்பமே. இதை முன்னிறுத்தித்தான் பாப்பரசர் பன்னிரண்டாம் பத்திநாதர் 1952-இல் குடிபெயர்ந்தோரைப் பற்றிய அப்போஸ்தலிக்க சாசனத்தை வெளியிட்டார். 1983-இல் திருப்பீடம் தந்த குடும்ப உரிமைச் சாசனம், குடிபெயர்ந்தோரின் குடும்பம் விரைவில் ஒன்றுசேர்வது அதன் உரிமை என்கிறது.

இது பழங்கதை என்று எண்ண வேண்டாம். அகதி முகாமில் பிறந்த பெண்ணும் நம் ஊர்ப் பையனும் இன்றும் மணவோலை வாசிக்கச் சொல்லி நம்மிடம் வருகின்றனர். இந்தியரை மணந்த வெளிநாட்டவர் ஏழாண்டுகள் இங்கு வசித்தபின் குடியுரிமைக்குப் பதிவு கோரலாம். ஆனால் முறையான பத்திரமின்றி வந்தவருக்கு 2003-ஆம் ஆண்டுத் திருத்தம் அவ்வாசலை அடைத்துவிட்டது. 2004 டிசம்பர் 3-க்குப் பின் பிறந்த பிள்ளைக்கோ, பெற்றோரில் ஒருவர் இந்தியராயிருந்தும் மற்றவர் அப்படி வந்தவரானால், பிறப்பால் குடியுரிமை இல்லை. 1987 ஜூலை 1-க்கு முன் இந்தியாவில் பிறந்தவர்க்குச் சட்டம் வேறு. 1986-இல் மண்டபம் முகாமில் பிறந்த ஒரு பெண்ணை இந்தியக் குடிமகளென்று 2022-இல் சென்னை உயர்நீதிமன்றத்தின் மதுரைக் கிளை தீர்ப்பளித்தது. பிறந்த தேதியைக் காட்டும் ஒரு துண்டுக் காகிதத்தின் மதிப்பு அவ்வளவு!

ஆகவே பெற்றோரே, நிச்சயதார்த்தத்திற்கு முன்னரே குடியுரிமையைப் பற்றிக் கேளுங்கள். மணத்தைத் தடுப்பதற்காக அன்று, பின்னால் வரும் அலைச்சலுக்கு ஆயத்தமாவதற்காக. பிள்ளையின் பிறப்பைத் தாமதமின்றி அரசில் பதியுங்கள். பழைய கடவுச்சீட்டு, குடும்ப அட்டை, ஞானஸ்நானச் சான்று எதையும் எறிந்துவிடாதீர்கள்.

அரசுகள் நம் மக்களைத் தலை தலையாக எண்ணின. நமது ஏடு அவர்களை இருவர் இருவராக எழுதி வைத்திருக்கிறது. ஐம்பது ஆண்டுகளாக அதைக் காத்துவந்த குருக்களையும் உபதேசியார்களையும் நன்றியோடு நினைக்கிறோம். எல்லைகளால் பிரிந்த நம் குடும்பங்கள் அனைத்தையும் திருக்குடும்பத்தின் அடைக்கலத்தில் ஒப்புவிக்கிறோம்.

உங்கள் பங்குக் குரு