கெசட்டிலிருந்து டெலிகிராம் வரை

வீடியோ கெசட், பிறகு வீசீடி, டீவீடி, பென்ட்ரைவ். இப்போது டெலிகிராம். நம்ம திருமலைக்குப் படம் வந்த பாதை இதுதான். யுத்த காலத்தில் தியேட்டருக்குப் போவதே பெரும்பாடு என்றோம். அந்தக் காரணம் இப்போது இல்லை.

1988 டிசம்பரில் குவைத்தில் கூடிய சர்வதேச இஸ்லாமிய ஃபிக்ஹ் அகடமி, ஆக்கியவரின் உரிமை ஷரீஅத் பாதுகாக்கும் சொத்து, அதில் கைவைக்கக் கூடாது எனத் தீர்மானித்தது. (படம் பார்க்கலாமா என்பது வேறு பேச்சு.) நமது நாட்டின் 2003 ஆம் ஆண்டு 36 ஆம் இலக்கப் புலமைச் சொத்துச் சட்டத்தில், வேண்டுமென்றே மீறுபவருக்கு 6 மாதம் வரை சிறை அல்லது 5 இலட்சம் ரூபா வரை தண்டம், சிலவேளை இரண்டும்.

2015 இல் 'பிரேமம்' படத்தை இணையத்தில் ஏற்றியதாகக் கேரளப் பொலிஸார் பிடித்தவர்களில் மாணவர்களும் இருந்தார்கள். வட்ஸ்அப் குறூப்பில் லிங்க் போடும் நம் பிள்ளைக்கும் அது களவாகத் தெரிவதில்லை. வாப்பாமாரே, உம்மாமாரே, போனைக் கொஞ்சம் வாங்கிப் பாருங்கள். படம் என்று வரும் ஏபிகே பைல் சிலவேளை வங்கி ஓடீபியையும் எடுத்துக்கொண்டு போய்விடும்.