பந்தய மாடும் வகைப்பாட்டு அறிவும்: கம்பம் பள்ளத்தாக்கை முன்வைத்து

ஆய்வுச் சுருக்கம்

விளையாட்டு என்பது தொழில் முடிந்தபின் எஞ்சும் பொழுதின் செயல் என்றே பெரிதும் கருதப்படுகிறது. தொழிலுக்கென உருவான கருவியிடமும் விலங்கிடமும் விளையாட்டு புதிய வினாக்களை எழுப்புகிறது என்பதையும், அவ்வினாக்களிலிருந்து புதிய அறிவு பிறக்கிறது என்பதையும், கம்பம் பள்ளத்தாக்கின் இரட்டை மாட்டு வண்டிப் பந்தயத்தைக் கொண்டு இக்கட்டுரை விளக்குகிறது. அவ்வறிவு எழுத்தில் பதியப்படாமையின் விளைவையும் சுட்டுகிறது.

திறவுச்சொற்கள்: மாட்டு வண்டிப் பந்தயம், கம்பம் பள்ளத்தாக்கு, வகைப்பாடு, மரபுப் பதிவேடு, டயர் வண்டி.

முன்னுரை

தேனி மாவட்டம் உத்தமபாளையம் வட்டத்தில், கம்பத்திலிருந்து சுருளி அருவிக்குச் செல்லும் வழியில் அமைந்துள்ளது காமயகவுண்டன்பட்டி. 1895ஆம் ஆண்டு பெரியாற்று நீர் மலையைக் குடைந்த சுரங்கத்தின் வழியே கிழக்கே திருப்பப்பட்டபின், இப்பள்ளத்தாக்கின் வேளாண்மை விரிவடைந்தது. ஏர் உழவும், பரம்படித்தலும், குப்பை உரம் சுமத்தலும், விளைச்சலைக் களத்திற்கும் சந்தைக்கும் சேர்த்தலும் மாடுகளின் வேலைகளாக இருந்தன. இன்று நெல் வயலில் டிராக்டர் உழுகிறது. திராட்சையும் வாழையும் லாரியில் ஏறுகின்றன. மாட்டின் வேலை ஏறக்குறைய முடிந்துவிட்டது.

ஆயினும் மாடு முற்றிலும் மறையவில்லை. கம்பம், கூடலூர் முதலிய ஊர்களை உள்ளடக்கிய இவ்வட்டாரத்தில் கோயில் விழாக்களையும் பொங்கலையும் ஒட்டி மாட்டு வண்டிப் பந்தயங்கள் நடைபெறுகின்றன. கம்பத்திலுள்ள நந்தகோபாலன் தம்பிரான் மாட்டுத்தொழுவில் மாட்டுப் பொங்கலன்று மக்கள் திரண்டு மாடுகளை வணங்குகின்றனர். தொழில் கைவிட்ட விலங்கை வழிபாடும் விளையாட்டும் தாங்கி நிற்கின்றன. இவற்றுள் விளையாட்டு, காத்தல் ஒன்றை மட்டுமே செய்ததா, அன்றிப் புதிதாக எதையேனும் படைத்ததா என்பதே இக்கட்டுரையின் வினா.

தொழிலின் வினாவும் விளையாட்டின் வினாவும்

பார வண்டி மாட்டிடம் உழவர் எதிர்பார்ப்பது நிதானமும் சுமைதாங்கும் வலிமையும் ஆகும். வேகம் அங்கே குறை. மிரண்டு ஓடும் மாடு சுமையைக் கவிழ்த்துவிடும். பந்தயம் இவ்வளவுகோலைத் தலைகீழாக்குகிறது. சுமை நீங்குகிறது, வண்டி இலேசாகிறது, மாட்டின் ஓட்டமும், நுகத்தில் பூட்டிய இரண்டும் ஒரே நடையில் இணைந்து செல்லும் இசைவும் மதிப்புப் பெறுகின்றன. ஓட்டுபவர் வண்டிக்காரர் என்ற பெயரை நீங்கிச் ‘சாரதி’ ஆகிறார். அதே வண்டி, அதே மாடு. கேட்கப்படும் வினா மாறியதால் தேடப்படும் திறன் மாறுகிறது.

இவ்வினா எங்கும் ஒன்றுபோல் இல்லை. கொங்கு நாட்டு ரேக்ளாவில் 200, 300 மீட்டர் என்னும் குறுந்தொலைவு ஓட்டமே வழக்கம். கம்பம் பள்ளத்தாக்கு உள்ளிட்ட தென்மாவட்டங்களிலோ சாலைவழிப் பந்தயம் மைல் கணக்கில் நீள்கிறது. ‘போக வர’ இத்தனை மைல் என்றே இன்றும் அறிவிக்கின்றனர். முன்னது பாய்ச்சலைச் சோதிக்கிறது. பின்னது மூச்சைச் சோதிக்கிறது. ஆகவே இரு வட்டாரத்தாரும் கன்றைப் பார்க்கும் பார்வை வேறுபடுதல் இயல்பு.

பெயர்களில் உறையும் வகைப்பாடு

இப்பந்தயங்களின் சிறப்புக்கூறு அவற்றின் பிரிவுமுறை ஆகும். பெரிய மாடு, நடுமாடு, கரிச்சான், பூஞ்சிட்டு, தட்டான்சிட்டு, தேன்சிட்டு, புள்ளிமான் முதலிய பெயர்களில் மாடுகள் பிரிக்கப்படுகின்றன. உருவ அளவும் வளர்ச்சியும் இப்பிரிவுகளுக்கு அடிப்படை. பெரியவற்றுக்கு நெடுந்தொலைவும் சிறியவற்றுக்குக் குறைந்த தொலைவும் வகுக்கப்படுகின்றன.

இப்பெயர்கள் ஆய்வுக்குரியவை. பெரிய பிரிவுகள் ‘பெரிய’, ‘நடு’ என்னும் அளவுச் சொற்களோடு நின்றுவிடுகின்றன. சிறிய பிரிவுகளுக்கோ சிட்டு, கரிச்சான், தட்டான் எனப் பறப்பனவும், மான் என விரைவனவும் பெயர் தந்துள்ளன. உழவில் இளங்கன்று இன்னும் வேலைக்கு உதவாதது, காத்திருக்க வேண்டியது. பந்தயத்தில் அதே கன்று சிறுமையாலேயே சிறப்புப் பெறுகிறது. வேலை ஒன்றாகக் கண்ட மாட்டைப் பலவாகக் காணும் கண்ணை விளையாட்டு உண்டாக்கியது எனலாம்.

விளையாட்டின் தேவையால் மாட்டை நுணுகி நோக்கும் மரபு தமிழுக்குப் புதிதன்று. கலித்தொகையின் முல்லைக்கலி ஏறுதழுவற் களத்துக் காளைகளைக் காரி, வெள்ளை, குரால், புகர் என நிறத்தாலும் புள்ளியாலும் வேறுபடுத்துகிறது. ஆனால் அவ்வகைப்பாடு அடையாளம் காண்பதற்கானது. பந்தயப் பிரிவோ நேர்மைக்கானது: சமமானவற்றைச் சமமானவற்றோடு மோதவிட வேண்டும் என்னும் விதியிலிருந்து பிறந்தது. பரிசு உண்டு என்றால் வழக்கு உண்டு. வழக்கு உண்டு என்றால் அளவை வேண்டும். விளையாட்டு அளவையை வளர்ப்பது இவ்வழியில்தான்.

பந்தயத்திலிருந்து பதிவேட்டிற்கு

இதற்கு ஒப்பான நிகழ்வு இங்கிலாந்தில் எழுத்து வடிவம் பெற்றது. பந்தயக் குதிரைகளின் பிறப்பு மரபு குறித்த ஐயங்களைத் தீர்க்க வேண்டி 1791இல் பொதுக் குதிரை மரபுப் பதிவேடு வெளிவரத் தொடங்கியது. தாய், தந்தை, வழி ஆகியவற்றை முறையாகப் பதியும் இம்முறை களியாட்டக் களத்தின் தேவையால் எழுந்தது. முப்பதாண்டுகள் கழித்து, 1822இல் ஜார்ஜ் கோட்ஸ் குறுங்கொம்பு மாடுகளுக்கான பதிவேட்டை வெளியிட்டார். பாலுக்கும் இறைச்சிக்கும் வளர்க்கப்பட்ட மாடு, பந்தயக் குதிரைக்குப் பின்னரே தன் மரபேட்டைப் பெற்றது. இன்றைய கால்நடை இனப்பெருக்க அறிவியலில் மரபுப் பதிவு அடிப்படைக் கருவியாக விளங்குகிறது.

காற்றுச் சக்கரத்தின் வழி

வண்டிச் சக்கரத்தின் வரலாறும் இவ்வுண்மையையே காட்டுகிறது. காற்றடைத்த சக்கரத்திற்கு ராபர்ட் வில்லியம் தாம்சன் 1845இலேயே காப்புரிமை பெற்றார். குதிரை வண்டிக்கென அமைந்த அக்கண்டுபிடிப்பு பரவவில்லை. பெல்ஃபாஸ்ட் நகரில் கால்நடை மருத்துவராக இருந்த ஜான் பாய்டு டன்லப், தம் மகனின் மூன்று சக்கர விளையாட்டு மிதிவண்டிக்காக அதே கருத்தைத் தாமே கண்டடைந்து 1888இல் காப்புரிமை பெற்றார். 1889ஆம் ஆண்டு மே மாதம் நடந்த மிதிவண்டிப் பந்தயத்தில் காற்றுச் சக்கரம் பூட்டிய வில்லி ஹியூம் வென்றார். அதன்பின்னரே உலகம் அதனை ஏற்றது. பயன்பாட்டிற்கெனப் பிறந்து மறக்கப்பட்ட ஒன்று, குழந்தையின் விளையாட்டு வழியும் இளைஞர் பந்தயத்தின் வழியும் மறுபிறப்பு எய்தியது. பின்னாளில் தமிழ்நாட்டுச் சிற்றூர்களில் ‘டயர் வண்டி’ என வழங்கிய பார வண்டியில் அச்சக்கரமே சுழன்றது. விளையாட்டில் தேறிய கருவி, தொழிலுக்குத் திரும்பி மாட்டின் இழுவையை எளிதாக்கியது.

தடையும் வரம்பும்

விளையாட்டின் படைப்பாற்றல் அனைத்தும் போற்றத்தக்கதன்று. வெற்றிக்காக மாட்டை வருத்தும் வழிகளும் களத்திலேயே கண்டுபிடிக்கப்பட்டன. 2014 மே 7ஆம் நாள் உச்ச நீதிமன்றம் ஜல்லிக்கட்டையும் மாட்டு வண்டிப் பந்தயத்தையும் தடைசெய்தமைக்கு இவ்வதையே காரணமாயிற்று. 2017 சனவரிப் போராட்டங்களைத் தொடர்ந்து தமிழ்நாடு சட்டத்திருத்தம் செய்தது. 2023 மே 18ஆம் நாள் அரசியல் சாசன அமர்வு அத்திருத்தத்தை ஏற்றது.

இவ்வழக்கில் நாட்டு மாட்டினக் காப்பு என்னும் வாதம் பெரிதும் முன்வைக்கப்பட்டது. அதனைச் சற்றே திருத்திக் கூற வேண்டும். காயடித்த வண்டி மாடு தன் மரபைக் கடத்துவதில்லை. பந்தயம் இனத்தைக் காப்பது நேரடியாக அன்று. ஓடும் கன்றுக்கு விலை உண்டாக்கி, அதனை ஈன்ற பசுவையும் பொலிகாளையையும் மந்தையில் நிலைக்கச் செய்வதன் வழியே அது காக்கிறது. மந்தையோ மேய்ச்சல் நிலத்தை நம்பியது. இப்பள்ளத்தாக்கின் மலைமாடுகள் மேற்குத் தொடர்ச்சி மலைச் சரிவில் மேய்ந்தவை. 2021இல் திருவில்லிபுத்தூர் – மேகமலைப் புலிகள் காப்பகம் அறிவிக்கப்பட்டபின் மேய்ச்சலுரிமை பற்றிய கேள்வி கூர்மையடைந்துள்ளது. களம் மீண்டதனால் மட்டும் மந்தை மீண்டுவிடாது.

நிறைவுரை

தொழில் ஒரே வினாவைத் திரும்பத் திரும்பக் கேட்கிறது. விளையாட்டு வினாவை மாற்றிக் கேட்கிறது. கம்பம் பள்ளத்தாக்கின் பந்தயம் அவ்வாறு கேட்டதால் இலேசான வண்டியும், சமநிலை நாடும் பிரிவுமுறையும், அவற்றிற்கான சொற்றொகுதியும் தோன்றின. இங்கிலாந்தின் குதிரைப் பந்தயம் ஏட்டைப் படைத்தது. இங்கோ அறிவு சாரதிகள், மாட்டுத் தரகர்கள், மேய்ப்பர்கள் ஆகியோரின் நாவிலேயே தங்கிவிட்டது. எந்தக் கன்று எந்தப் பசுவின் வழி, எந்தப் பிரிவில் ஓடியது, பின் என்னவாயிற்று என்பது மந்தைக்காரர் நினைவில் உண்டு, ஏட்டில் இல்லை. சிட்டு, கரிச்சான் என்னும் பெயர்களோடு அந்நினைவையும் ஊர்தோறும் பதிவுசெய்தல் வட்டார வரலாற்று ஆய்வாளரின் உடனடிக் கடமையாகும். நினைவுடையோர் முதுமையடைந்து வருகின்றனர்.