திருகோணமலைக் கடலில் திமிங்கலம் பார்க்கப் போதல்

2009 பெப்ரவரியில், காயப்பட்ட அம்மாவுடன் புதுமாத்தளனில் இருந்து கப்பலில் திருகோணமலைக்கு வந்தேன். அதன்பின் நான் படகில் ஏறியதில்லை. கடந்த யூன் மாதம் ஒரு விடியற்காலையில் உப்புவெளிக் கரையில் பைபர் படகொன்றில் ஏறினேன், இம்முறை திமிங்கலம் பார்க்க. அம்மா வர மறுத்துவிட்டார். "நீ போய்ப் பார்த்திட்டு வந்து சொல்லு" என்றார்.

ஏன் திருகோணமலை?

இங்கு கண்டமேடை மிகவும் ஒடுங்கியது. துறைமுக வாயிலுக்கு அண்மையிலேயே கடலடிப் பள்ளத்தாக்கு ஒன்று தொடங்கி ஆழத்துக்கு இறங்குகிறது. அதனால் ஆழ்கடலில் வாழும் உயிரினங்கள் கரைக்குக் கிட்ட வருகின்றன. சிறு இறால் போன்ற உயிரிகளைத் தின்னும் நீலத் திமிங்கலமும், ஆழத்துக் கணவாயைத் தேடும் ஸ்பேர்ம் திமிங்கலமும் இங்கு காணப்படுகின்றன.

உலகின் பல பகுதிகளில் நீலத் திமிங்கலங்கள் இரைதேடிக் குளிர்ந்த துருவக் கடல்களுக்குச் செல்லும். வட இந்து சமுத்திரத்தில் உள்ளவையோ ஆண்டு முழுவதும் வெப்பக் கடலிலேயே தங்கிவிடுகின்றன. 1980களின் தொடக்கத்தில் 'ரியூலிப்' என்ற ஆய்வுப் படகில் வந்தவர்கள் இக்கடலில் திமிங்கலங்களை ஆராய்ந்தார்கள். பின்னர் போர் வந்தது. மீனவர்களுக்கே பாஸும் தூரக் கட்டுப்பாடும் இருந்த கடலில் வேடிக்கை பார்க்க யார் போவார்கள்?

எப்போது, எப்படி?

இங்கு மார்ச் முதல் ஓகஸ்ட் வரை பருவம். தென்மேற்குப் பருவக்காற்றால் மிரிஸ்ஸப் பக்கம் கடல் கொந்தளிக்கும் மாதங்களிலும் கிழக்குக் கரை பெரும்பாலும் அமைதியாக இருக்கும். மிரிஸ்ஸவில் நவம்பர் முதல் ஏப்ரல் வரை பார்க்கலாம்.

காற்று எழுமுன் புறப்படுவது நல்லது. உயிர்காப்பு அங்கி இல்லாத படகில் ஏறவேண்டாம். தொப்பியும் தண்ணீரும் கொண்டு செல்லுங்கள். திமிங்கலத்தைத் துரத்தவோ அதன் பாதையை மறிக்கவோ வேண்டாமென்று ஓட்டியிடம் முன்கூட்டியே சொல்லிவையுங்கள். காசு கொடுக்கும் நாங்கள் சொன்னால் கேட்பார்கள்.

கண்டது

கரை மெல்லிய கோடானபோது எனக்குக் கை நடுங்கியது. ஓட்டி பார்த்துவிட்டு, "பயப்பிடாதேங்கோ அண்ணை, கடல் நல்லாயிருக்கு" என்றார். சற்று நேரத்தில் எஞ்சினை நிறுத்திக் கையைக் காட்டினார். தூரத்தில் வெண்ணிற நீராவி ஒரு தென்னையளவு உயரத்துக்கு எழுந்தது. பின் சாம்பல்நீல முதுகு நீண்டு, நீண்டு, முடியாமல் போய்க்கொண்டே இருந்தது. சில மூச்சுகளின் பின் வாலை உயர்த்தி, சத்தமில்லாமல் இறங்கிவிட்டது. படகில் யாரும் பேசவில்லை. நடுக்கம் எப்போது நின்றதென்று எனக்குத் தெரியாது.

கரையில் இருந்தே

படகில் ஏற மனம் வராதவர்கள் கோணேசர் கோயில் அமைந்த சுவாமி மலை உச்சியில் இருந்து பார்க்கலாம். காலை வேளையில் அதிர்ஷ்டம் இருந்தால் நீர் பீச்சுவது தெரியும். மறுநாள் அம்மாவை அங்கு கூட்டிச் சென்றேன். நெடுநேரம் காத்திருந்தபின், வெகுதொலைவில் ஒரு வெண்புள்ளி எழுந்து மறைந்தது.

அம்மா கடலையே பார்த்துக்கொண்டிருந்தார். "அப்ப நாங்கள் கப்பலில வரேக்கையும் அது கீழ நிண்டிருக்கும், என்ன?" என்றார்.