அடுப்பும் இருக்கையும்: தமிழர் வெளியுணவு வரலாற்றில் பிரெஞ்சு மேசை

முன்னுரை

புதுச்சேரிக் கடற்கரைச் சாலையில் அமர்ந்து காப்பி அருந்துபவரிடம் இன்று யாரும் ஊரையோ குலத்தையோ கேட்பதில்லை. விலைப்பட்டியலைப் பார்த்துச் சொல்லி, உண்டு, பணம் கொடுத்து எழுந்து செல்லலாம். இந்தக் கேளாமை தமிழ்ச் சமூகத்தில் மிக அண்மைக் காலத்தது, போராடிப் பெறப்பட்டது. பிரெஞ்சு உணவகம், தேநீரகம், இனிப்பு அடுமனை ஆகியவற்றோடு தமிழர் கொண்ட உறவு பெரும்பாலும் சுற்றுலாச் செய்தியாகவே எழுதப்படுகிறது. எந்தக் கடையில் எந்தப் பண்டம் சுவையானது என்பதோடு அவ்வெழுத்து நின்றுவிடுகிறது. அந்த அடுப்பில் யார் சமைத்தார், அந்த இருக்கையில் யார் அமர்ந்தார் என்னும் இரு வினாக்களை எழுப்பினால் வேறொரு வரலாறு தெரியவருகிறது. பிரெஞ்சு மேசையைத் தமிழர் அணுகியது முன்வாயில் வழியாக அன்று, அடுக்களை வழியாகவே என்பது இக்கட்டுரையின் கருத்து.

விலையில்லாச் சோறும் விலைக்குப் பண்ணியமும்

வெளியுணவு பற்றிய தமிழ்ச் சான்றுகளுள் மிக விரிவானது சவ்வாது மலையின் அடிவாரத்தைச் சேர்ந்தது. பத்துப்பாட்டின் இறுதி நூலாகிய மலைபடுகடாம் 583 அடிகளில் செங்கண்மாத்து நன்னனை நோக்கிக் கூத்தரை ஆற்றுப்படுத்துகிறது. செங்கண்மா இன்றைய செங்கம். நூல் பாடும் சேயாறு சவ்வாது மலையில் பிறப்பது. பெருங்குன்றூர்ப் பெருங்கௌசிகனார் வழியை மட்டும் சொல்லவில்லை. வழிநெடுகக் கிடைக்கும் உணவையும் ஊர்ஊராகச் சொல்கிறார். மலைச் சிற்றூர்களில் நெய்யில் வெந்த இறைச்சியும் தினைச் சோறும், மூங்கிற் குழாயில் விளைந்த தேன் கள்ளும், மூங்கிலரிசிச் சோறும், புளியும் மோரும் பலாக்கொட்டை மாவும் கலந்த குழம்பும் கிடைக்கின்றன. காட்டு நிலத்து ஆயரிடம் பால். வயல் நிலத்தில் மீனும் வெண்சோறும். உணவு வழிகாட்டி என்னும் எழுத்து வகைக்கு இதனினும் பழைய தமிழ்ச் சான்று தேடுவது அரிது.

ஆயினும் இதனை உணவக வழிகாட்டியாகக் கொள்ள இயலாது. இங்கு எதற்கும் விலையில்லை. நன்னனின் கூத்தர் எனச் சொன்னால் போதும். சொந்த வீட்டில் நுழைவதுபோல் நுழையலாம், உறவினர்போல் உண்ணலாம் என்கிறது நூல். புரவலனின் பெயரே நுழைவுரிமை. பெயர் சொல்ல இயலாத வழிப்போக்கருக்கு அதே வரவேற்பு கிடைத்திருக்குமா என்பதற்கு நூலில் விடையில்லை. சங்க கால விருந்தோம்பலைப் புகழ்ந்து எழுதுவோர் இந்த நிபந்தனையை எளிதில் கடந்துவிடுகின்றனர்.

விலைக்கு உணவு விற்றோரும் அக்காலத்தில் இருந்தனர். மதுரைக்காஞ்சி காட்டும் கூவியர், அடையும் மோதகமும் செய்து விற்றுவிட்டு நள்ளிரவில் உறங்கும் தொழிலாளர். தமிழகத்தின் முதல் இனிப்பு அடுமனைக்காரர் என்று இவர்களைச் சொல்வதில் தவறில்லை. கவனிக்க வேண்டியது ஒன்றுண்டு: விற்கப்பட்டது பண்ணியம். சோறு அறமாகவே இடப்பட வேண்டும் என்னும் எண்ணம் மணிமேகலையின் அமுதசுரபியிலிருந்து பிற்காலச் சத்திரங்கள் வரை வலுவாகத் தொடர்ந்தது. சோறு விற்றுப் பிழைத்தல் இழிவாகக் கருதப்பட்டது. சத்திரங்களிலோ யாருக்கு எந்தப் பந்தி, யார் கையால் சமையல் என்பவை சாதியால் வரையறுக்கப்பட்டன. புரவலனின் பெயர் இருந்த இடத்தில் பிறப்பு வந்து அமர்ந்தது.

பாரிசும் புதுச்சேரியும்

பாரிசில் புரோகோப் காப்பியகம் 1686இல் திறக்கப்பட்டது. அதற்குப் பன்னிரண்டு ஆண்டுகளுக்கு முன், 1674இல், பிரான்சுவா மர்த்தேன் புதுச்சேரியில் குடியேறியிருந்தார். ரெஸ்தோரான் என்னும் சொல் முதலில் உடல் தேற்றும் இறைச்சிச் சாற்றைக் குறித்தது. 1760களுக்குப் பின்னரே அச்சாறு விற்கும் இடத்துக்கும் பெயராயிற்று. பிரெஞ்சுப் புரட்சியில் வேலையிழந்த பிரபுக்களின் சமையற்காரர்கள் திறந்தவையே உணவகங்கள் என்ற பழங்கதையை ரெபெக்கா ஸ்பாங் 2000இல் வெளியான தம் நூலில் மறுத்துள்ளார். புரட்சிக்கு முன்பே அவை தோன்றிவிட்டன. அவை கொணர்ந்த புதுமைகள் தனி மேசை, விலைப்பட்டியல், வேண்டிய நேரத்தில் உணவு ஆகியவை. பணமுள்ளவர் எவரும் அமரலாம் என்பது அதன் கொள்கை. ஏழைக்கு அங்கும் இடமில்லை; ஆனால் பிறப்பைக் கேட்கும் வழக்கம் பின்வாங்கியது.

அக்கொள்கை புதுச்சேரிக்குக் கப்பலேறவில்லை. கால்வாய்க்குக் கிழக்கே வெள்ளையர் நகரம், மேற்கே கறுப்பர் நகரம் எனப் பிளவுபட்ட ஊர் அது. கறுப்பர் நகரத்துக்குள்ளும் தெருக்கள் சாதிவாரியாக அமைந்தன. ஆனந்தரங்கப் பிள்ளையின் நாட்குறிப்பு, 1745இல் சம்பாக்கோயிலுக்குள் சாதிக் கிறித்தவரையும் பறையர் கிறித்தவரையும் பிரித்து நின்ற சுவரைப் பற்றி எழுந்த பூசலைப் பதிவு செய்கிறது. ஒரே மதத்தார் ஒரே கூரையின்கீழ் வழிபடவே சுவர் வேண்டியிருந்த ஊரில், அயலார் ஒரே மேசையில் உண்ணும் பொது உணவகத்தை எண்ணிப் பார்ப்பது கடினம்.

ஆனால் அவ்வூரில் பிரெஞ்சு உணவு நாள்தோறும் சமைக்கப்பட்டது. சமைத்தவர் யார்? 1792இல் தமிழகம் வந்து 1823 வரை தென்னிந்தியாவில் வாழ்ந்த அபே துபுவா இதற்கு விடை தருகிறார். மாட்டிறைச்சி சமைப்பது, காலணி துடைப்பது போன்ற வேலைகளைப் பிற சாதியினர் ஏற்க மறுத்ததால், ஐரோப்பியர் தம் வீட்டுப் பணிக்குப் பறையரையே அமர்த்த வேண்டியிருந்தது என்று அவர் எழுதுகிறார். இதனை அவர் ஐரோப்பியரின் மதிப்புக் குறைவுக்கு ஒரு காரணமாக வருந்திச் சொல்கிறார். அவர் வருத்தத்தை ஒதுக்கிவிட்டுச் செய்தியை மட்டும் எடுத்துக்கொண்டால், தமிழ் மண்ணில் பிரெஞ்சுச் சமையலை முதலில் கற்றுத் தேர்ந்தவர்கள், வேறெந்தத் தமிழ்ப் பந்தியிலும் அமர இயலாத மக்கள் என்பது புலனாகிறது. சத்திரத்துக் கிணற்றை அணுக முடியாதவர் ஆளுநரின் அடுப்பை ஆண்டார். இது விடுதலை என்று சொல்வதற்கில்லை. தீண்டாமையே அவர்களுக்கு அந்த வேலையை ஒதுக்கியது. எனினும் ஒரு தேர்ச்சி அங்கு வளர்ந்தது என்பதை மறுக்க இயலாது.

ராமசாமியின் அடுக்களை

அத்தேர்ச்சியின் தடயம் ஆங்கிலேயரின் சென்னையிலும் கிடைக்கிறது. ஆர்தர் கென்னி-ஹெர்பர்ட் என்னும் படை அதிகாரி 'வைவர்ன்' என்ற புனைபெயரில் எழுதிய சமையல் நூல் 1878இல் சென்னையில் வெளிவந்தது. பிரெஞ்சு முறை விருந்தைச் சென்னை வெயிலில் எவ்வாறு அமைப்பது என்பதே அதன் நோக்கம். நூல் முழுவதும் ஒரு சமையற்காரர் வருகிறார், பெயர் ராமசாமி. அவர் தனி மனிதர் அல்லர். சென்னைச் சமையற்காரர் அனைவருக்கும் நூலாசிரியர் இட்ட பொதுப்பெயர் அது. ராமசாமி திருத்தப்படுகிறார், பாராட்டப்படுகிறார், கேலி செய்யப்படுகிறார், ஓரிடத்திலும் எழுதுவதில்லை. பிரெஞ்சு குழம்பைத் தமிழ் அடுப்பில் வற்றவைக்கும் நுட்பம் அவர் கையில் இருந்தது. நூல் அதிகாரியின் பெயரில் இருக்கிறது.

ரொட்டியின் கதையும் இவ்வாறே. கோதுமை விளையாத சோழமண்டலக் கரையில், ஈஸ்ட் கிடைப்பது அரிதாயிருந்த காலத்தில், மாவைப் பொங்கவைக்கத் தென்னிந்திய அடுமனைகளில் கள் பயன்பட்டது. பனையேறியின் உழைப்பு ஐரோப்பியரின் காலை மேசையில் ரொட்டியாக வந்தது. சென்னை மவுண்ட் ரோட்டில் 19ஆம் நூற்றாண்டின் இறுதியில் ஜியாகோமோ தாஞ்செலிஸ் 'மேசோன் பிரான்சேஸ்' என்ற பெயரில் இனிப்பு அடுமனை நடத்தினார். 1910இல் சென்னையில் விமானம் பறக்கவிட்டவரும் இவரே. அந்த விமானம் பற்றி எழுதப்பட்டதில் ஒரு பங்குகூட அவருடைய அடுப்படியில் நின்றவர்களைப் பற்றி எழுதப்படவில்லை.

சொற்கள் மட்டும் சில வேளை காட்டிக்கொடுக்கின்றன. சின்ன வெங்காயம், பூண்டு, கடுகு, வெந்தயம், உளுந்து ஆகியவற்றை எண்ணெய் சேர்த்துப் பிசைந்து வெயிலில் உலர்த்தும் வடகம், புதுச்சேரி வழியே 'வதுவான்' எனப் பிரெஞ்சில் நுழைந்தது. இந்நூற்றாண்டில் பாரிசு, நியூயார்க் உணவகங்களில் அது உயர்விலை மசாலாவாக விளங்குகிறது. மிளகுத்தண்ணீர் ஆங்கிலத்தில் 'முல்லிகட்டானி' ஆனதை அனைவரும் அறிவர். சமையற்காரர் பெயர் மறைந்து அவர் நாவின் ஒலி மட்டும் பட்டியலில் தங்கிய இடங்கள் இவை.

இருக்கை

புதுச்சேரியில் சமத்துவப் பேச்சு சட்ட மன்றத்தில்தான் முதலில் கூர்மை பெற்றது. 1873இல் வழக்கறிஞர் பொன்னுத்தம்பிப் பிள்ளை ஐரோப்பியக் காலணியுடன் நீதிமன்றம் நுழைந்ததற்காகத் தண்டிக்கப்பட்டார். பாரிசின் உச்ச நீதிமன்றம் வரை சென்று வென்றார். 1881 செப்டம்பர் 21 ஆணையின்படி, மரபுவழிச் சட்டத்தைத் துறந்தோர் பிரெஞ்சுக் குடிமைச் சட்டத்தின்கீழ் வரலாயினர். துறந்தோருள் தாழ்த்தப்பட்டோரும் கிறித்தவரும் மிகுதி. புதிய குடும்பப் பெயரும் பிரெஞ்சுப் படையில் வேலையும் சைகோன் பயணமும் அவர்களுக்குக் கிட்டின. இந்தோசீனாவிலிருந்து திரும்பியோர் வியட்நாமியச் சுருள் பண்டங்களையும் புதுச்சேரி வீடுகளுக்குக் கொண்டுவந்தனர்.

ஆங்கிலேயர் ஆண்ட தமிழகத்தில் பொது இருக்கைக்கான போர் காப்பி கிளப்பில் நடந்தது. ஆ. இரா. வேங்கடாசலபதி காட்டியுள்ளபடி, காப்பி நவீனத்தின் அடையாளமாகப் பரவிய வேகத்திலேயே, அதனை விற்ற இடங்களில் பிராமணருக்குத் தனியிடம் என்ற பழைமையும் பரவியது. பணம் பெற்றுக்கொண்டு பிறப்பையும் கேட்ட விந்தையான உணவகம் அது. பாரிசின் கொள்கை பாதி மட்டும் வந்து சேர்ந்தது. தொடர்வண்டி நிலைய உணவகங்களில் இப்பிரிவினை சுயமரியாதை இயக்கத்தின் தொடர் எதிர்ப்புக்குப் பின் 1941இல் நீங்கியது.

1950 சனவரி 26இல் நடைமுறைக்கு வந்த அரசியலமைப்பின் 15(2) பிரிவு, கடை, பொது உணவகம், விடுதி ஆகியவற்றில் நுழைவதற்குச் சாதி தடையாகாது என்கிறது. ஒரு நாட்டின் அடிப்படை உரிமைகளுக்கிடையே உணவகம் பெயர் சொல்லி இடம்பெற்றிருப்பதைச் சட்ட நூல்கள் கடந்துசெல்லும் விரைவு வியப்பளிப்பது. 1955இன் தீண்டாமைக் குற்றச் சட்டம் இன்னும் கீழிறங்கி, அங்குள்ள பாத்திரங்களைப் பயன்படுத்தும் உரிமையையும் கூறியது. பாத்திரம் வரை சட்டம் வரவேண்டியிருந்தது. ஏனெனில் தேநீர்க் கடையில் தடை வாயிலில் இல்லை, குவளையில் இருந்தது. இரட்டைக் குவளை முறை சட்டத்துக்குப் பின்னும் பல பதிற்றாண்டுகள் ஊர்ப்புறங்களில் நீடித்தது. பல இடங்களில் அதனைக் குறைத்தது மனமாற்றமன்று. ஒருமுறை குடித்து எறியும் கோப்பையின் வருகை.

1957ஆம் ஆண்டு இவ்வரலாற்றில் இருமுறை குறிக்கத்தக்கது. அவ்வாண்டு பெரியார், திருவல்லிக்கேணி முரளி கபேயின் பெயர்ப்பலகையிலிருந்த 'பிராமணாள்' என்னும் சொல்லை நீக்கக்கோரித் தொடங்கிய மறியல் பல மாதங்கள் நடந்தது. அதே ஆண்டில் காப்பி வாரியம் மூடிய காப்பி இல்லங்களை, ஏ. கே. கோபாலன் துணையுடன், அங்குப் பணியாற்றியவர்களே கூட்டுறவுச் சங்கங்கள் அமைத்து ஏற்று நடத்தத் தொடங்கினர். முன்னது இருக்கைக்கான போராட்டம். பின்னது அடுப்பின் உரிமை. புதுச்சேரியில் துய்ப்ளே பெயர் தாங்கிய தெரு நேரு வீதியாயிற்று. அங்கு இயங்கிய இந்தியன் காப்பி இல்லத்தில்தான் யான் மார்ட்டெலின் 'லைப் ஆஃப் பை' (2001) புதினத்தின் முன்னுரைக் கதை தொடங்குகிறது. பிரெஞ்சு நகரின் உணவகமாக உலக இலக்கியம் அறிந்தது பணியாளர் கூட்டுறவு ஒன்றினை என்பது கருதத்தக்கது.

பாரிசின் அடுக்களையில்

1983க்குப் பின் இலங்கையிலிருந்து பிரான்சு சென்ற தமிழருள் பலர் பாரிசின் பிஸ்த்ரோக்களில் வேலை பெற்றனர். மொழி தெரியாதவர்க்கும் ஆவணம் நிறையாதவர்க்கும் திறந்த கதவு பாத்திரம் கழுவும் இடத்துக்கானது. அங்கிருந்து காய்கறி நறுக்குதல், பின் அடுப்பு என்று படிப்படியாக ஏறினர். துபுவா காலத்துப் புதுச்சேரிச் சமையற்காரருக்கும் இவர்களுக்கும் வழிமரபுத் தொடர்பு எதுவும் இல்லை; புறப்பட்ட ஊரும் காரணமும் சாதிப் பின்னணியும் வேறு. ஆனால் நுழைந்த கதவு ஒன்றே. லா ஷப்பெல் பகுதியில் தமிழ்க் கடைகளும் உணவகங்களும் பெருகின. அங்கு வந்து தோசை உண்பவர்களுள் பலர், பகல் முழுவதும் வேறொருவரின் பிஸ்த்ரோவில் வெங்காயச் சாறும் மாட்டிறைச்சி வறுவலும் செய்தவர்கள்.

பாகேத் ரொட்டியின் கைத்தொழிலும் பண்பாடும் 2022 நவம்பரில் யுனெஸ்கோவின் மரபுப் பட்டியலில் இடம்பெற்றன. அடுத்த ஆண்டு, 2023இல், பாரிசு மாநகரம் நடத்தும் சிறந்த பாகேத் போட்டியில் முதல் பரிசு பெற்றவர் தர்சன் செல்வராஜா. இலங்கையில் பிறந்து 2006இல் பிரான்சு வந்தவர். இருபதாம் வட்டாரத்தில் அடுமனை நடத்துபவர். 4000 யூரோவுடன், குடியரசுத் தலைவரின் எலிசே மாளிகைக்கு ஓராண்டு ரொட்டி வழங்கும் உரிமையும் அப்பரிசின் பகுதி. செய்தித்தாள்கள் அவர் பெயரை முழுமையாக அச்சிட்டன. கடையின் முகவரியையும் வெளியிட்டன.