பெக்இன்டர்ஃபெரான்

பெக்இன்டர்ஃபெரான், உடலில் நெடுநேரம் தங்கும்படி மாற்றப்பட்ட இன்டர்ஃபெரான் ஊசிமருந்து. வைரஸ் தாக்கிய செல்கள் பக்கத்துச் செல்களை எச்சரிக்கச் சுரக்கும் புரதமான இன்டர்ஃபெரானை 1957இல் லண்டனில் ஐசக்ஸும் லிண்டன்மனும் கண்டறிந்தனர். சாதாரண இன்டர்ஃபெரானை ஊசியாகப் போட்டால் சில மணி நேரத்தில் இரத்தத்தில் அதன் அளவு பாதியாகிவிடும். வாரம் மூன்று ஊசி போட்டும் இடைப்பட்ட நாட்களில் வைரஸ் தலைதூக்கியது. பாலிஎத்திலீன் கிளைக்கால் (பெக்) என்ற நீண்ட சங்கிலியைப் பிணைத்ததும் மூலக்கூறு பருத்தது, சிறுநீரகம் அதை எளிதில் வெளியேற்ற முடியவில்லை. வாரம் ஒரு ஊசி போதுமென்றானது.

ஆல்ஃபா-2பி வகை 2001இலும், ரோஷ் நிறுவனத்தின் ஆல்ஃபா-2ஏ வகையான 'பெகாசிஸ்' 2002இலும் அமெரிக்க அனுமதி பெற்றன. ரிபாவிரின் மாத்திரையோடு சேர்த்து, ஹெபடைடிஸ் சி நோய்க்குப் பத்தாண்டு காலம் இதுவே முதன்மைச் சிகிச்சை. இந்தியாவில் மிகுதியாகக் காணப்படும் 3ஆம் மரபுவகைக்கு 24 வாரம், 1ஆம் வகைக்கு 48 வாரம். காய்ச்சல், உடல்வலி, இரத்த அணுக் குறைவு, தைராய்டு கோளாறு, மனச்சோர்வு என்று பக்கவிளைவுகள் கடுமையானவை. ஈரல் சுருக்கம் முற்றியவர்களுக்குத் தரக்கூடாது.

இதன் இந்திய வரலாறு பெரும்பாலும் சென்னையில் நடந்த வழக்கின் வரலாறு. 2005ஆம் ஆண்டின் காப்புரிமைச் சட்டத்திருத்தத்துக்குப் பிறகு மருந்துப்பொருள் ஒன்றுக்கு இந்தியாவில் கிடைத்த முதல் காப்புரிமை பெகாசிஸுக்கானது. 2006இல் சென்னைக் காப்புரிமை அலுவலகம் வழங்கியது. போதை ஊசி பழக்கத்தால் ஹெபடைடிஸ் சி தொற்றுக்கு ஆளானவர்களிடையே பணியாற்றும் மும்பை சங்கல்ப் மறுவாழ்வு அறக்கட்டளை எதிர்த்து மனுச் செய்தது. அலுவலகம் அதை ஏற்கவில்லை. மேல்முறையீட்டில், நீதிபதி பிரபா ஸ்ரீதேவன் தலைமையிலான அறிவுசார் சொத்துரிமை மேல்முறையீட்டு வாரியம் 2012 நவம்பரில் காப்புரிமையை ரத்து செய்தது. புரதத்தோடு பெக் சங்கிலியைப் பிணைப்பது துறை அறிந்தவருக்கு எளிதில் தோன்றக்கூடியதே என்பது ஒரு காரணம். நோயாளிகளுக்காக உழைக்கும் அமைப்பும் வழக்காட உரிமையுள்ள தரப்பே என்று ஏற்றதுதான் அதைவிடப் பெரிய விளைவு.

தீர்ப்பு தாமதமாக வந்தது. 2013 இறுதியில் அமெரிக்காவில் சோஃபோஸ்புவிர் மாத்திரை அனுமதி பெற, ஹெபடைடிஸ் சி சிகிச்சையில் ஊசியின் காலம் முடியத் தொடங்கியது. 2018இல் இந்தியாவில் தொடங்கிய தேசியத் திட்டம் மாத்திரைகளையே இலவசமாகத் தருகிறது.

ஹெபடைடிஸ் பி, டி நோய்களுக்குப் பெக்இன்டர்ஃபெரான் இன்றும் பயன்படுகிறது. மிதமான கொரோனாவுக்கு ஜைடஸ் நிறுவனத்தின் 'விராஃபின்' 2021 ஏப்ரலில் அவசர அனுமதி பெற்றது. பீட்டா-1ஏ வகை தண்டுவட மரப்பு நோய்க்கு இரு வாரத்துக்கு ஒருமுறை போடப்படுகிறது. சிவப்பணுக்கள் மிகும் பாலிசித்தீமியா வேராவுக்கு ரோபெக்இன்டர்ஃபெரான் உண்டு. இந்நோயில் ஹைட்ராக்சியூரியா மருந்து தர இயலாத கர்ப்பிணிகளுக்கு மருத்துவர்கள் இன்டர்ஃபெரானையே நாடுகின்றனர்.