வழி தவறிய வானூர்திகள் – 14
சிட்னியில் நின்றது, கேப்டவுன் கடலில் என்றது

காஞ்சிபுரத்தை அடுத்த கூரத்துக்கு இரண்டு பெருமைகள். இராமானுஜரின் சீடர் கூரத்தாழ்வான் பிறந்த ஊர் அது. 7-ஆம் நூற்றாண்டில் பல்லவ மன்னன் முதலாம் பரமேசுவரவர்மன் வெளியிட்ட கூரம் செப்பேடும் அந்த ஊரின் பெயரைத்தான் தாங்கி நிற்கிறது. பரமேசுவரமங்கலம் என்ற ஊரை 25 பங்காக்கி, யார் யாருக்கு எத்தனை பங்கு என்று அதில் விவரமாக எழுதியிருக்கிறார்கள். மண்டபத்தில் மகாபாரதம் வாசிப்பவருக்குக்கூட ஒரு பங்கு உண்டு.

இன்று ஒரு விமானக் கணினிக்குக் கூரத்தைக் காட்ட இவ்வளவு எழுத வேண்டாம். அட்சரேகை வடக்கு 12 டிகிரி சொச்சம், தீர்க்கரேகை கிழக்கு 79 டிகிரி சொச்சம். இரண்டே எண்கள். ஆனால் தீர்க்கரேகையை 079 என்று மூன்று இலக்கமாகத் தட்ட வேண்டும். ஓர் இலக்கம் தள்ளிப்போய் 007 ஆனால், கூரம் ஆப்பிரிக்காவில், நைஜீரியாவின் வட எல்லையோரம் போய் உட்கார்ந்துவிடும். கணினி மறுபேச்சுப் பேசாது.

சென்ற வாரம் பார்த்த ஜப்பான் விமானம், 1972 செப்டம்பர் 24 அன்று பம்பாயின் சாந்தாகுரூஸ் என்று நினைத்து ஜுஹுவில் இறங்கியது. அது கண் செய்த பிழை. இந்த வாரம் விரல் செய்த பிழை.

2015 மார்ச் 10. சிட்னியிலிருந்து கோலாலம்பூர் புறப்படத் தயாராக நின்றது ஏர் ஏசியா எக்ஸ் நிறுவனத்தின் ஏர்பஸ் ஏ-330. வழக்கமாக வெளியே இறங்கி விமானத்தைச் சுற்றிப் பார்ப்பவர் கேப்டன். அன்று அவருக்குக் காதுக் காப்பு கிடைக்கவில்லை. துணை விமானி இறங்கினார். அவருடைய வேலையைக் கேப்டன் எடுத்துக்கொண்டார். விமானம் நிற்கும் இடத்தைக் கணினியில் பதிவது அந்த வேலைகளில் ஒன்று.

பதிய வேண்டிய தீர்க்கரேகை 15109.8, அதாவது 151 டிகிரி 9.8 நிமிடம். பதிந்தது 01519.8, அதாவது 15 டிகிரி 19.8 நிமிடம். சிட்னியில் நின்ற விமானம், தன் கணக்கில் 11,000 கிலோமீட்டருக்கு அப்பால், கேப்டவுனுக்கு மேற்கே நடுக்கடலில் இருந்தது.

எங்கோ தவறு என்று கணினி குறிப்புக் காட்டாமல் இல்லை. விமானிகள் அதைக் கவனிக்கவில்லை. வானில் ஏறியதும் விமானம் இடப்பக்கம், பக்கத்து ஓடுபாதையிலிருந்து கிளம்பும் விமானங்களின் வழியை நோக்கித் திரும்பியது. கட்டுப்பாட்டு அறைதான் அதைக் கண்டு சொன்னது. பறக்கும்போதே கருவிகளை அணைத்துப் போட்டுச் சரிசெய்யப் பார்த்ததில், தானியங்கி விமானியும் சில திரைகளும் போயின. இனி ஓடுபாதையைக் கண்ணால் பார்த்துத்தான் இறங்க முடியும். சிட்னியிலோ தாழ்வான மேகம். மெல்போர்னில் இறங்கினார்கள். யாருக்கும் காயமில்லை. கோலாலம்பூர் போய்ச் சேர ஆறு மணி நேரத் தாமதம், அவ்வளவுதான்.

எல்லோருக்கும் இப்படி வாய்ப்பதில்லை. 1979 நவம்பர் 28 அன்று அண்டார்டிகாவைச் சுற்றிக்காட்டப் போன ஏர் நியூசிலாந்து விமானத்தின் வழித்தட எண்களை, அன்று அதிகாலையில் அலுவலகக் கணினியில் மாற்றினார்கள், விமானிகளிடம் சொல்லவில்லை. கடல்மேல் பறப்பதாக அவர்கள் நம்பிய விமானம் எரிபஸ் மலையில் மோதியது. 257 பேரும் மாண்டார்கள்.

எண் தவறுவது மனித இயல்பு. அதை இன்னொருவர் பார்க்காமல் விடுவதுதான் ஆபத்து. இதை நம் பழைய ஆட்கள் அறிந்திருந்தார்கள். நாகப்பட்டினத்துப் புத்த விகாரத்துக்கு இராசராச சோழன் ஆனைமங்கலத்தைக் கொடுத்தபோது, ஓலையில் எழுதியதோடு நிறுத்தவில்லை. பெண் யானையை நடத்தி, கூடவே ஆட்களும் எல்லையைச் சுற்றி வந்து, கல்லும் கள்ளியும் நட்டார்கள். அதன் பிறகுதான் எல்லை எல்லை ஆனது.

சிட்னியில் யானை தேவைப்பட்டிருக்காது. வெளியே போய்த் திரும்பிய துணை விமானி அந்த ஏழு எழுத்தை ஒருமுறை வாய்விட்டுப் படித்திருந்தால் போதும்.